மூன்று விரல் இடைவெளி

அவளை ஊரில் எல்லோரும் 'பத்திரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பார்சல் கிடங்கில் பதினொரு வருஷம் வேலை பார்த்தபோது வந்த பெயர் அது. பெட்டிகளைத் தூக்கி எறிகிற ஆட்களைப் பார்த்து நாள் முழுக்க "பத்திரம், பத்திரம்" என்று கத்திக்கொண்டே இருப்பாள். அவர்கள் எறிவதை நிறுத்தவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கணவனைச் சந்தித்ததும் அந்தக் கிடங்கில்தான். அவர் கண்ணாடி வெட்டுகிறவர். அனுப்பிய நிலைக்கண்ணாடி சுக்குநூறாகப் போய்ச் சேர்ந்ததென்று சண்டை போட வந்தார். அவள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள்.

"படுக்க வெச்சு அனுப்பினா உடையத்தாங்க செய்யும். நிக்க வெச்சு அனுப்புங்க."

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்து, இந்தத் தடவை முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று சொன்னார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அப்போது அவர் கையில் பார்சலே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு கீழே கண்ணாடிக் கடை, மாடியில் வீடு. கூடவே நாத்தனார், அதாவது அவர் அக்கா. அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் மூச்சு விட இடைவெளி கிடைக்காது. சரக்கு கொண்டுபோக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார்கள். முதலில் கணவர்தான் ஓட்டினார். ஆனால் அவருக்குச் சாலையைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. வீடுகளின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். இரண்டாவது தடவை வண்டி சாக்கடையில் இறங்கிய அன்று, சாவியைப் பிடுங்கிக்கொண்டாள் பத்திரம். முப்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு ஸ்டியரிங் அவளுடையது.

அந்த வருஷம் ஆலங்கட்டி மழை பெய்தது. மலைமேல் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு ஜன்னல் முழுவதும் உடைந்து போயிற்று. நாற்பத்தெட்டுக் கண்ணாடிகள். கர்ப்பிணிகளின் கட்டில்களை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். குளிர் தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. நகரத்துப் பெரிய கடைக்காரர்கள் அந்த மலைச்சாலையின் பெயரைக் கேட்டதுமே கையை விரித்துவிட்டார்கள். லாரி போக முடியாத குறுகலான பாலம் ஒன்று, அதைத் தாண்டினால் எட்டு மைல் குண்டும் குழியும்.

"நாங்க கொண்டு வர்றோம்" என்றாள் பத்திரம்.

முதல் நடையில் இருபத்துநாலு கண்ணாடிகளை ஏற்றினாள். மரச் சட்டத்தில் கம்பளம் ஒட்டி, நிற்கவைத்து, வார்ப்பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். கட்டியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாலத்தைத் தாண்டிய மூன்றாவது குழியில் வண்டியின் பின்பக்கம் 'டங்' என்று அடி வாங்கியது. இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். அப்புறம் ஒவ்வொரு பெரிய குழிக்கும் அதே டங். ஒவ்வொரு டங்குக்கும் பின்னால் சன்னமாக ஒரு 'கிளிங்'. மேலே போய்ச் சேர்ந்து எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று உடைந்திருந்தன.

தலைமை நர்ஸ் நல்ல மாதிரி. திட்டவில்லை. அதுதான் பத்திரத்துக்கு இன்னும் வலித்தது.

"விடுங்கம்மா, பிளாஸ்டிக் ஷீட் அடிச்சுச் சமாளிச்சுக்கறோம்."

"குளிர்ல பச்சக் குழந்தைங்களுக்கு பிளாஸ்டிக்கா? பத்து நாள் குடுங்க சிஸ்டர். மிச்சத்த நான் முழுசா கொண்டு வர்றேன்."

"எப்படிம்மா?"

"அது இன்னும் தெரியல" என்றாள் பத்திரம். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மறுநாள் காலை வண்டியைக் கமான் அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோனாள். வண்டியின் பாரத்தைத் தாங்குகிற வில் போன்ற கமான் பட்டைகளை மட்டுமே பார்க்கிற பட்டறை என்பதால் அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"இது முன்னாடி சிமெண்ட் மூட்டை அடிச்ச வண்டி. பட்டையெல்லாம் வளைவு போயி ஸ்கேல் மாதிரி நிக்குது. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு பட்டை ஏத்திடுவோம். யானையே ஏறினாலும் இறங்காது."

ஏற்றினார்கள். வண்டி பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. நல்ல சரக்கை வைத்துப் பரீட்சை செய்ய மனம் வராமல், கடையில் கிடந்த பழைய கண்ணாடிகளைப் பத்து எடுத்துக் கட்டினாள் பத்திரம். எடை சரியாக இருக்க மணல் மூட்டைகள். நாத்தனார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்கு அண்ணி?"

"நீ ரோட்டப் பாப்ப. பின்னாடி என்ன ஆகுதுன்னு யாரு பாக்கறது? உன் புருஷனா? அவன் ஜன்னல் பாப்பான்."

மலைச்சாலையில் அன்று ஒரு டங் கூடக் கேட்கவில்லை. பத்திரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் பார்த்தால் நாலு கண்ணாடிகள் விரிசல் விட்டிருந்தன.  நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"என் முதுகெலும்ப எண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணு குறையுது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. பெரிய குழில ஒண்ணுமே தெரியல. சின்னச் சின்னக் கல்லுலதான் உசுரு போச்சு. பல்லெல்லாம் தந்தி அடிச்சுது."

பத்திரம் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு உடைந்த கண்ணாடிகளைப் பார்த்தாள். முதல் நடையில் எல்லாம் கீழ் மூலையில் உடைந்திருந்தன. இவை மேல் விளிம்பில் விரிசல் விட்டிருந்தன. முன்பு இடித்து உடைந்தது. இப்போது நடுங்கி உடைகிறது.

வீடு திரும்பியதும் கணவர் மெதுவாகச் சொன்னார். "வேண்டாம்மா. விட்டுரு. நாம முயற்சி பண்ணாம இல்லையே."

"முயற்சி பண்ணது பட்டறைக்காரரு. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அன்று மதியம் அவளே வண்டிக்கு அடியில் நுழைந்தாள். வண்டியின் இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு ரப்பர் கட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அச்சு மேலே எழும்பி வந்து சட்டத்தில் இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் அதுதான். பெயர்தான் ரப்பர்; பாதி பிய்ந்து, மிச்சம் கல்லாக இறுகிப் போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வளைந்தது. பக்கத்தில் ஷாக் அப்சார்பரின் மேலெல்லாம் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது.

குழியில் என்ன நடக்கிறதென்று ஓட்டும்போது எட்டிப் பார்க்க முடியாது. அவள் கடைக்குள் போய், கண்ணாடியை ஜன்னலில் பதிக்கப் பிசைந்து வைக்கிற மாவு மாதிரியான பட்டியில் இரண்டு உருண்டை எடுத்து வந்தாள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் கட்டைகளின் அடியிலும் அப்பினாள். அச்சு வந்து முட்டினால் பட்டி நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மணல் மூட்டைகளோடு பாலத்துக்கு அப்பால் ஒரு மைல் போய்த் திரும்பினாள். பட்டி உருண்டைகள் வைத்தபடியே இருந்தன. அச்சு அவற்றைத் தொடக்கூட இல்லை. அதாவது பட்டைகள் அவ்வளவு விறைப்பு.

கமான் அண்ணனிடம் போய்ப் பக்கத்துக்கு ஒரு பட்டையைக் கழற்றச் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே கழற்றினார். மறுபடி பட்டி, மறுபடி ஒரு மைல். இந்தத் தடவை நடுக்கம் பாதியாகக் குறைந்தது, ஆனால் டங் திரும்பி வந்தது. பட்டி காகிதம் மாதிரி நசுங்கிக் கிடந்தது.

சரக்கோடு நிற்கும்போது ரப்பருக்கும் அச்சுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தாள். மூன்று விரல். அந்த மூன்று விரலையும் அச்சு ஒரே தாவாகத் தாவிக் கல் மாதிரியான கட்டையில் போய் முட்டுகிறது.

"அண்ணே, இந்த மூணு விரலுக்குள்ள மெத்துனு ஏதாவது வேணும். தொட்டவுடனே இடிக்கக் கூடாது. முதல்ல விட்டுக் குடுக்கணும், போகப் போக இறுகணும்."

கமான் அண்ணன் காது மடலைச் சொறிந்தார். "ஆம்புலன்ஸ் வண்டில அப்படி ஒண்ணு போடுவாங்க. நீளமா, உள்ள பொந்தா, மடிப்பு மடிப்பா இருக்கும். ஆனா இந்த வண்டிக்கு வராதும்மா. ஓட்டை பொருந்தாது."

"ஓட்டை பொருந்தலன்னா பொருந்துற மாதிரி தகடு அடிங்க."

"நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல..."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். வேற யாராவதுன்னா முடியாதுன்னு சொல்லிருப்பாங்க."

 அவர் போனை எடுத்து அந்த ரப்பருக்குச் சொன்னார்.

ரப்பர்கள் பஸ் பார்சலில் வந்து சேர நாலு நாள் பிடித்தது. அதற்குள் ஷாக் இரண்டையும் புதிதாக மாற்றினார்கள். பட்டைகளை அச்சோடு இறுக்குகிற பழைய யூ போல்ட், புதுப் பட்டைகளுக்கு நீளம் பத்தாமல், நட்டு ஒரே ஒரு புரியில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பத்திரம்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். கமான் அண்ணன் முகம் சிவந்தார். அந்தக் கணமே நீளமானதாக மாற்றினார். தகட்டில் ஓட்டை போட்டுச் சட்டத்தில் முடுக்கி, ரப்பரைப் பொருத்தினார்கள். சரக்கோடு நிற்கும்போது நடுவில் அரை விரல்கூட இல்லை. அச்சு எழும்பத் தொடங்கியதுமே ரப்பர் அதை ஏந்திக்கொள்ளும்.

மறுபடி பட்டி அப்பி, வேறு பத்துப் பழைய கண்ணாடிகளையும் மணல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறினாள். நாத்தனார் வழியில் தூங்கிவிட்டாள். அந்தச் சாலையில் ஒரு மனிதப் பிறவி தூங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். திரும்பி வந்து பார்த்தபோது பட்டி ரப்பரின் மேல் சீராகப் பரவி, மடிப்புகளின் தடம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பழைய கண்ணாடி பத்தில் பத்தும் முழுசு.

கமான் அண்ணன் அந்தப் பட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஒரு உருண்டை எனக்கும் குடும்மா" என்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை, தேவைப்பட்ட முப்பத்தேழோடு கையிருப்பாக மூன்று சேர்த்து நாற்பது கண்ணாடிகளை ஏற்றினார்கள். கணவரும் கூட வந்தார். பாலத்தில் வண்டி ஊர்ந்தது. அந்த மூன்றாவது குழி வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்பக்கம் மெல்ல அமுங்கி, ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி எழுந்தது. அவ்வளவுதான்.

"தாண்டியாச்சா?" என்றார்.

"எப்பவோ."

மேலே இறக்கியபோது நாற்பதும் நாற்பதாக இருந்தன. கணவர் மாலைவரை ஜன்னல் ஜன்னலாக நின்று பதித்தார். அவள் பட்டியைப் பிசைந்து கொடுத்தாள். பதித்து முடித்த ஜன்னல்களை ஒட்டிக் கட்டில்களைத் திரும்ப நகர்த்தத் தொடங்கினார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி, போர்வையை உதறிப் போட்டுவிட்டு, "காத்தே வரல சிஸ்டர், கொஞ்சம் தெறந்து விடுங்க" என்றாள். தலைமை நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தைப் பத்திரத்திடம் நீட்டினாள். "லேபுக்கு ஒரு மிஷின் வரணும்மா. நகரத்துலேந்து கொண்டு வர யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ரொம்ப நுணுக்கமான மிஷின். உங்களால முடியுமா?"

பத்திரம் கையில் ஒட்டியிருந்த பட்டியைத் துடைத்துக்கொண்டாள்.

"எடை எவ்வளவு சிஸ்டர்?"