பிரிஸ்டல் போர்டில் ஒட்டிய சான்றிதழ்

அப்போது நான் கெலிஓயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு வரலாறு படிப்பிக்கப் போய்க்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்பு. பாடநூலைத் தவிர என்னிடம் இருந்தது மடிப்புகளில் கிழிந்துபோன ஓர் இலங்கைப் படம் மட்டும்தான். திருகோணமலை இருந்த இடத்தில் ஓட்டை.

கண்டியில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில், மூலாதாரங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கிருந்து எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. வீடுகளில் இல்லாததா என்று நினைத்து, மறுநாள் வகுப்பில் அறிவித்தேன்: "வீட்ல இருக்கிற பழைய கடதாசி ஏதாவது ஒண்டு கொண்டு வாங்க. எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது."

கொண்டு வந்தார்கள். வானொலி வைத்திருப்பதற்கான அனுமதிப் பத்திரம், அரிசிக் கூப்பன் புத்தகம், மூலைகள் கரைந்த கல்யாணப் பத்திரிகை, யாரோ ஒருவருடைய சைக்கிள் லைசன்ஸ். கடைசி வாங்கில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு பிள்ளை பழுப்பு நிறக் கவர் ஒன்றை நீட்டினாள்.

"தாத்தாவோடது, டீச்சர்."

முஸ்லிம்களான எங்கள் வீட்டில் தாத்தா என்றால் அக்கா. ஒரு கணம் அவளுடைய அக்காவின் ஏதோ பத்திரம் என்றே நினைத்துத் திறந்தேன். உள்ளே இருந்தது பிரஜாவுரிமைச் சான்றிதழ். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அவளுடைய அப்பாவின் தகப்பனார், பல வருடங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக இருந்து, பிறகு எடுத்த கடதாசி. பாடநூலில் ஒரே பந்தியில் முடிந்துவிடும் விடயம் முத்திரையோடும் கையொப்பத்தோடும் என் கையில் இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் கேட்டுத்தான் கொண்டு வந்தாயா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று பாடசாலை விட்ட பிறகு எல்லாவற்றையும் பிரிஸ்டல் போர்ட் அட்டைகளில் கம் பூசி ஒட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் கொண்டு வந்த பிள்ளையே இரண்டு வரி விளக்கம் எழுத வேண்டும். அவள் எழுதினாள்: "இது என் தாத்தாவுக்குக் கொடுத்த குடியுரிமை." போர்டுகளைச் சுவரில் தொங்கவிட்டதும் வகுப்பறையே மாறிவிட்டது போல இருந்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வந்து நின்று வாசித்தார்கள்.

அடுத்த வாரம் இடைவேளை நேரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்பவர், அந்தப் பிள்ளையின் தகப்பன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். எங்க பாப்பா ஒரு கவர் கொண்டாந்துச்சுங்களா? என் தங்கச்சிக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும். அப்பாவோட பேப்பர் ஒரிஜினல் கேக்குறாங்க. ரெண்டு நாளா வீட்டையே பொரட்டிட்டோம். நேத்துதான் பாப்பா சொல்லிச்சு."

நான் அவரைச் சுவரருகே கூட்டிப் போனேன். அவர் போர்டைப் பார்த்தார். விரலால் கடதாசியின் ஓரத்தைத் தொட்டார். அது அசையவில்லை.

"ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டிட்டேன். பின்னால ஏதும் எழுதியிருந்ததா?"

"ஒரு சீலும் கையெழுத்தும் இருக்குங்க."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். போர்டைக் கழற்றிக்கொண்டு சித்திர ஆசிரியையிடம் ஓடினேன். பசையில் ஒட்டிய படங்களைக் கழற்றி அவருக்குப் பழக்கம். "இழுக்கக் கூடாது, ஆவி பிடிக்கணும்" என்று சொல்லி, சிற்றுண்டிச்சாலையிலிருந்து கேத்தலை எடுத்துவரச் சொன்னார். கொதிக்கும் கேத்தலுக்கு மேலே போர்டைப் பிடித்து, ஓவியத்துக்கு நிறம் குழைக்கும் மெல்லிய கத்தியால் ஒவ்வொரு அங்குலமாகக் கிளப்பினார். ஒரு பாடவேளை முழுக்க எடுத்தது.

தகப்பன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து மகள் எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுத்ததுன்னு எழுதியிருக்கு" என்றார். "கொடுக்கலிங்க. வாங்கினாரு. எத்தனையோ தடவ கண்டிக்கு நடையா நடந்து, திருப்பி அனுப்பி, மறுபடி எழுதிப் போட்டு வாங்கினாரு. கண்டி கந்தோருக்குப் போற அன்னைக்கு அவருக்குப் பேரு இல்ல."

"பேர் இல்லையென்றால்?"

"தோட்டத்துல அன்னைக்கு வேலைப் பேரு விழாது. சம்பளமும் இல்ல."

நான் பதினொரு வருடம் படிப்பித்த பாடம் அது. விண்ணப்பம் போட்டவர் எப்படிக் கண்டிக்குப் போனார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கடதாசி ஒருவழியாகக் கழன்றது. பின்பக்கச் சீலில் ஒரு பகுதி போர்டிலேயே தங்கிவிட்டது. கையொப்பம் தப்பியது. நான் லீவு போட்டு மறுநாள் அவரோடும் அவருடைய தங்கையோடும் கண்டியிலிருந்த காரியாலயத்துக்குப் போனேன். நடந்ததை விளக்கி அதிபர் ஒப்பமிட்ட கடிதம் ஒன்றும் கையில் இருந்தது. மேசைக்கு அப்பால் இருந்த அம்மையார் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் ஒட்டியது என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"என்ன படிப்பிக்கிறீங்க?"

"வரலாறு."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு கடிதத்தைக் கோப்பில் செருகி, சான்றிதழின் பிரதியை எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தங்கையிடம் கொடுத்தார். "இதைத் திரும்பவும் பாடசாலைக்குக் கொண்டு போக வேண்டாம்" என்றார். வெளியே வந்த பிறகுதான் தகப்பன் சிரித்தார். தேத்தண்ணீர் குடிப்போம் என்று கூட்டிப் போனதும் அவர்தான்.

ஆனால் பிள்ளை என்னோடு பேசவில்லை. வீட்டில் ஏச்சு விழுந்திருக்கிறது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் வகுப்புத் தொடங்கும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: கொண்டு வந்தது அவளுடைய பிழை இல்லை. கேட்காமல் ஒட்டியது என் பிழை. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவள் எழும்பி நின்றாள்.

"நீங்க பழசு கேட்டீங்க, டீச்சர். வீட்ல இருந்ததுலயே பழசு அதுதான்."

"சரிதான் பிள்ளை."

"போட்டோகொப்பி வேணும்னா அப்பா எடுத்துத் தாறேன்னாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு மூலப்பிரதி எதையும் நான் வாங்குவதில்லை. அடுத்த தவணையில் இன்னொரு வகுப்பில் அதே வேலையைக் கொடுத்தபோது, ஆற்றோரத்தில் கடை வைத்திருப்பவரின் மகள் என் மேசைக்கு வந்தாள். "எங்கட வீட்டுல ஒரு கடதாசியும் இல்ல டீச்சர். தண்ணி வந்த நேரம் எல்லாம் போயிட்டு. நான் என்னத்தக் கொண்டு வாற?"

போன கடதாசிகளில் என்ன இருந்தது என்று உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேட்டு எழுதி வா, இருவரும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுது என்றேன். திங்கட்கிழமை நான்கு பக்கம் எழுதி வந்தாள். கடையின் பழைய உறுதிப் பத்திரம் யாருடைய பெயரில் இருந்தது என்பதில் உம்மாவும் வாப்பாவும் ஒத்துப்போகவில்லையாம். அவள் அதை வாசிக்க, எது உண்மையாக இருக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பு வாதாடத் தொடங்கியது. மணி அடித்தும் யாரும் நிறுத்தவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணித ஆசிரியர் வாசலில் சிறிது நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.