ஆராய்ச்சி வாங்கிய வெட்டு மெஷின்

என் தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் குடும்பத்தில் ‘ஆராய்ச்சி’ என்று பெயர். முகத்துக்கு நேரே மாப்பிள்ளை என்போம். முதுகுக்குப் பின்னால்தான் ஆராய்ச்சி. ஒரு குடை வாங்க இரண்டு மழைக்காலம் எடுத்துக்கொண்ட மனிதரை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

அவருக்கு ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. வந்த பெட்டியைப் பிரிக்காமல், கசங்காமல் அடுக்கிக் காப்பதற்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். டிவி ரிமோட் இன்னும் பாலித்தீன் உறைக்குள் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் சரசரக்கும். ஃபிரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டி அனுப்பிய நீலத்தாள் ஏழு வருடமாக அப்படியே இருக்கிறது. உரித்தால் பொருளின் மதிப்பு போய்விடுமாம்.

தங்கை காகிதத்தில் கைவேலை செய்கிறவள். புகைப்பட ஆல்பம், வாழ்த்து அட்டை எல்லாமே கத்தரிக்கோலால்தான். வலது மணிக்கட்டு வீங்கி, டீக் கோப்பையைக்கூட இடது கையால் தூக்கும் நிலைக்கு வந்தாள். கத்தரிக்கோலைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போனில் படத்தைக் கொடுத்தால் தானே வெட்டித் தரும் மெஷின் ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் வாய்திறந்து கேட்டாள்.

போயும் போயும் இவரிடம் கேட்டாள். ஆராய்ச்சி மீனமேஷம் பார்க்க ஆரம்பித்தார். எது எத்தனை அங்குல அகலம், எது தோலை வெட்டும், எது மரத்தகட்டை வெட்டும், எதில் சத்தம் குறைவு என்று ஒரு நோட்டு முழுக்கக் கட்டம் போட்டார். இரண்டு வருடம். அவள் மரத்தை எதற்கு வெட்டப்போகிறாள்? எந்த அட்டையை வெட்டுகிறாய் என்று ஒரு நாள்கூட அவளிடம் கேட்கவில்லை. நான் ஞாயிறுதோறும் போய் அந்த நோட்டைப் புரட்டி, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வருவேன்.

கடைசியில் ஒரு மழலையர் பள்ளி அவளிடம் சுவர் அலங்கார வேலை கொடுத்தது. இருநூறு விலங்குகள், திங்கட்கிழமைக்குள். நன்றாக வந்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் வேலை அவளுக்கே. இந்தக் கையை வைத்துக்கொண்டு முடியாது என்று அழுதேவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி மனமிரங்கினார். மெஷின் சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

பெட்டியைப் பிரிக்கவே ஒரு மணி நேரம். காகிதம் நகராமல் பிடித்துக்கொள்ள, பசை தடவிய பாய் ஒன்று கூடவே வந்திருந்தது. பசையில் தூசி படாமலிருக்க அதன்மேல் ஒரு கண்ணாடித் தாள். அதை உரிக்கப் போன தங்கையின் கையைத் தடுத்தார்.

“அத எடுக்காத. பாய் அழுக்காயிடும். அதுமேலயே வச்சு வெட்டலாம்.”

வழவழத் தாள்மேல் வைத்த அட்டை, கத்தி பட்டதும் வழுக்கி ஓடியது. முதல் யானைக்குத் தும்பிக்கை போயிற்று. இரண்டாவது கசங்கிச் சுருண்டது. ஆறாவது யானையோடு மெஷினில்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லி, கையேட்டின் உறையைக்கூடப் பிரிக்காமல் எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைத்து டேப் ஒட்டினார். திருப்பி அனுப்பிவிட்டு நல்லதாகப் பார்க்கலாமாம். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் இல்லை. லாரி வருகிறதென்று கிடங்குக்குப் போயிருந்தார். பெட்டி கூடத்தின் நடுவே கிழிந்து கிடந்தது. கண்ணாடித் தாள் குப்பைக்கூடையில் இருந்தது. மெஷின் கிர்ரென்று ஓட, தரையெல்லாம் முழுத் தும்பிக்கையோடு யானைகள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு தாளை உரிக்கத் துப்பில்லாதவருக்கு இரண்டு வருட ஆராய்ச்சி ஒரு கேடா என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

தங்கை சிரிக்கவில்லை. பாயிலிருந்து ஒரு யானையைப் பதமாகப் பிரித்தபடியே சொன்னாள்.

“அவரு நோட்டாவது போட்டாரு அண்ணா. நீ வாராவாரம் வந்து அதப் பாத்து சிரிச்ச. வா, கடைக்குப் போயி ஒண்ணு பாக்கலாம்னு ஒரு நாளாவது கூப்பிட்டியா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. சோபாவில் போய் உட்கார்ந்தேன், அது சரசரத்தது. எழுந்து தரைக்கு வந்து, அவள் வெட்டிப் போட்டவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினேன்.