மால்மெகேர்

பிள்ளைகளா, உங்கள் அத்தை, என் கூடப்பிறந்தவள், ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று கேட்டீர்கள். ஒரு பூவின் பெயரிலிருந்துதான் அதைச் சொல்லவேண்டும்.

செவ்வந்தி ஜாதியில் ஒற்றை அடுக்குப் பூ உண்டே, அதற்குப் போர்த்துகீசியர் வைத்த பெயர் மால்மெகேர். மூன்று சொல்லை ஒட்டிய பெயர். மால் என்றால் கெடுதல், மெ என்றால் எனக்கு, கேர் என்றால் நினைக்கிறான். 'எனக்குக் கெடுதல் நினைக்கிறான்.' ஒருவன் மனசை அறிய இதழ் பிய்ப்பார்களாம். ஓர் இதழுக்கு நல்லது நினைக்கிறான், அடுத்ததற்குக் கெடுதல் நினைக்கிறான் என்று. கடைசி இதழ்தான் தீர்ப்பு. அந்த விளையாட்டிலிருந்தே பூவுக்குப் பெயர் வந்ததாம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொன்னவன் அத்தைக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, கூட வேலை செய்த போர்த்துகீசிய வம்சத்துச் சட்டைக்காரரிடம் கேட்டு வந்திருந்தான்.

அவன் பெயரையும் அத்தை பெயரையும் சேர்த்துக் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான். அந்த நடுவாரத்தில் தாயோடு ஜெலுத்தோங்கில் நம் வீட்டுக்கு வந்தான். மாதா பீடத்துக்கு அத்தை மாலை கட்டிக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து அந்த ஒற்றை அடுக்குப் பூவில் ஒன்றை எடுத்தான்.

"பார்ப்போமா, என் மனசுல என்ன இருக்குன்னு?"

அத்தை வெட்கத்தோடு சிரித்தாள். அவன் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பிய்த்தான். இரண்டே இதழ் மிஞ்சியது; கடைசி இதழ் நல்லதுக்கு. 'கெடுதல்' என்று சொல்லி, இரண்டையும் சேர்த்துக் கிள்ளினான்.

"முடிஞ்சுதுலா! பூவே சொல்லிருச்சு, நான் என்ன செய்ய?"

அவன் தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் அம்மாவும் விளையாட்டென்று சிரித்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கண் அவன் விரலைவிட்டு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓலையில் அவன் பெயரோடு வந்தது சுங்கை பாக்காப் தோட்டத்துப் பெரிய கிராணியின் மகள் பெயர். கோயிலே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அத்தை முக்காட்டைக்கூட இழுத்துவிடாமல், பூசை முடியும்வரை முழந்தாளில் இருந்தாள்.

அதோடு விட்டார்களா? அவன் கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தத் தாய் வாசலில் வந்து நின்றாள்.

"உன்னைப்போல மாலை கட்ட யாரு இருக்கா கண்ணு? ரெண்டு கட்டிக் குடேன்."

நான் துரத்தப் போனேன். அத்தை கையமர்த்தினாள். உட்கார்ந்து, நெருக்கமாக, அழகாகக் கட்டினாள். முழுக்க அதே ஒற்றை அடுக்குப் பூ. வாழையிலையில் சுற்றி நீட்டினாள்.

"பொண்ணுகிட்ட சொல்லுங்கம்மா. உங்க மகன் இதழ் பிய்க்கிறப்ப, அவர் முகத்தைப் பார்க்க வேணாம். விரலைப் பார்க்கச் சொல்லுங்க."