பொன்குழி என்று விட்டுவைத்த அரை ஏக்கர்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பிளஸ் ஒன் வகுப்பில் பைரைட் என்ற கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல், அசல் தங்கம் மாதிரி மின்னும், நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி அதற்குப் பிறகு பாடத்தையே கவனிக்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவள், அப்பாவையும் லேபுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, ஏறக்குறைய என் வயது. துண்டு முடிச்சை அவிழ்த்து, எலுமிச்சம்பழ அளவில் ஒரு மஞ்சள் கல்லை மேஜைமேல் வைத்தார்.

அவர்கள் மலையில் யாரோ ஒரு ராஜா தங்கம் வெட்டிய சுரங்கம் இருந்ததாகவும், பகைவர் வருவது தெரிந்து அதன் வாயைப் பாறை போட்டு மூடிவிட்டதாகவும் எல்லோரும் சொல்வார்களாம். இவருடைய அப்பா உழும்போது இந்தக் கல் கிடைத்திருக்கிறது. சுரங்கத்தின் வாய் இங்கேதான் என்று நம்பி, அந்த அரை ஏக்கரில் ஏர் ஓட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். மகனும் அப்படியே விட்டுவைத்திருந்தார், சாமை வீட்டுக்குப் பத்தாத வருடங்களில்கூட.

"நம்ம கல்லு டீச்சர் சொன்ன கல்லா இருக்குமோன்னு பாப்பா கேட்டுச்சுங்க. மொதல்ல கோவந்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். படிக்க அனுப்பிட்டு, படிச்சதச் சொன்னா திட்டறது ஞாயமில்லைங்களே. நீங்களே பாத்துச் சொல்லிருங்க."

உடைந்த டைல்ஸ் ஒன்றைத் திருப்பி, அதன் சொரசொரப்பான பின்பக்கத்தில் கல்லைத் தேய்த்தேன். தங்கமாக இருந்தால் மஞ்சள் கோடு விழும். விழுந்தது கருப்புக் கோடு. மகள் தலை குனிந்துகொண்டாள்.

"வேற மாதிரியும் பாக்க முடியுங்களா?" என்றார் அவர்.

"சுத்தியல்ல அடிச்சா தங்கம் தட்டையாகும். இது நொறுங்கிடும். ஆனா அப்புறம் கல்லு மிஞ்சாதுங்க."

அவரே சுத்தியலை வாங்கி ஓங்கி ஒரு அடி அடித்தார். கல் தூள்தூளானது. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாடை எழுந்தது. நான் மனதுக்குள் ஆறுதல் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தூளை ஒரு காகிதத்தில் கூட்டி அள்ளிவிட்டுக் கேட்டார்:

"இந்தக் கல்லு இருக்கற மண்ணுல சாமை வருங்களா? பயிருக்கு ஏதாச்சும் கெடுதல் பண்ணுமா?"

சில இடங்களில் அமிலம் கூடி மண் புளித்துப்போகலாம் என்றேன். அடுத்த வாரமே ஒரு பை மண் கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்ததில் குறை எதுவும் இல்லை.

அந்த இடத்தை உழுவதற்கு ஊரில் எதிர்ப்பு இருந்ததை மகள்தான் பிறகு சொன்னாள். "அந்த டீச்சருக்கு மலையப் பத்தி என்ன தெரியும்?" என்று சித்தப்பா சண்டைக்கே வந்துவிட்டாராம். "பொன்னு இருந்தா ஏர்ல மாட்டாமயா போயிரும்? மாட்டுனா ஊருக்கே பங்கு" என்று சொல்லிவிட்டு அவள் அப்பா ஏரில் மாட்டைப் பூட்டியிருக்கிறார்.

மறுவருடம் அவர்கள் அழைத்ததால் பஸ் ஏறி மலைக்குப் போனேன். அந்த அரை ஏக்கரிலும் சாமை கதிர் தள்ளி நின்றது. அவர்கள் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜீப் வந்து நின்றது. வெளியூர்க்காரர்கள் நான்கு பேர் இறங்கி, போனில் ஒரு படத்தைக் காட்டித் தங்கச் சுரங்கத்துக்கு வழி கேட்டார்கள். அவர் தண்ணீர் கொடுத்து, கல்லை உடைத்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"செரி, போய்ப் பாருங்க. மேல கரடி நடமாட்டம் இருக்குது. பொழுதிருக்கவே எறங்கிருங்க" என்று பாதையைக் காட்டி அனுப்பினார்.

"நம்பாமச் சிரிக்கறாங்களே, உங்களுக்குக் கோவம் வரலையா?" என்று கேட்டேன்.

"எனக்கே அம்பது வருசம் ஆச்சுங்க டீச்சர். அவங்களுக்கு ஒரே நாள்ல ஆயிருமா?"

சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, இறங்கி வரும்போது பசியோடு வருவார்கள் என்று, அந்த நான்கு பேருக்கும் சேர்த்து உலை வைக்கும்படி மனைவியிடம் சொன்னார்.