வெட்டினவன் வாங்காத தோல்

என் தம்பி அதாவுல்லா மதராஸில் பௌதிகம் படித்தவன். பட்டம் வாங்கி, மேலே ஒரு வருஷம் ஆராய்ச்சியும் செய்தான். அதோடு கல்லூரிப் பணம் நின்றது, ஆம்பூருக்குத் திரும்பிவிட்டான். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்ததற்கு மறு வருஷம் அது. தோலுக்குள் இருக்கும் நார் வெளிச்சத்தை எப்படித் திருப்புகிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. முடிக்க இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். முடியாவிட்டால் என் வீட்டுக்காரரின் தோல் மண்டியில் குமாஸ்தா வேலை. அவர் மேசைகூட வாங்கிப் போட்டுவிட்டார். "அது காலியாவே கிடக்கட்டும்" என்றேன் நான்.

படிக்கிறவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் வியாபாரிகள் சங்கம் எங்கள் மண்டியில்தான் கூடும். மண்டிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரை. யார் எப்படிச் சொன்னாலும் சரி, அன்றைக்கு அதன் பின்னால் நின்று பார்த்தவள் நான்.

தலைவர் மக்பூல் அகமது சாயபு கேட்டார்: "டாக்டருக்குப் படிச்சா காய்ச்சல் பார்ப்பே. பௌதிகம் படிச்சு இன்னா பார்ப்பே?"

"தோலுக்குள்ளே பார்ப்பேன் சாயபு."

"முப்பது வருஷமா நாங்க பார்க்காததையா?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுக்கிலிருந்து ஒரு தோலை இழுத்து, சவரக்கத்தியால் ஓரத்தில் ஒரு சீவல் வெட்டினான். சிரிப்பு அப்படியே நின்றது. மண்டியில் தோலை வெட்டிப் பார்ப்பவன் அதை வாங்கியாக வேண்டும்; அது வழக்கம். பௌதிகம் படித்த பிள்ளைக்கு மறந்துபோயிற்று.

"அது நான் விக்க வெச்ச சரக்கு. எடு பணத்தை" என்றார் சாயபு.

"முதல்லே பாருங்க." கையோடு கொண்டுவந்திருந்த, இரு முனையிலும் படிகம் பொருத்திய பித்தளைக் குழாயில் சீவலை வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி அவரிடம் நீட்டினான்.

சாயபு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "நடுவுலே இன்னா, வேற கலர்லே ஒரு கோடு?"

"அங்கே தோலைப் பதமாக்கற பட்டைச்சாறு இறங்கலே. உள்ளே இன்னும் பதமாகாத பச்சைத் தோல்தான். இதை நான் வாங்க மாட்டேன்."

பட்டை வியாபாரி வேலாயுதம் தொடையைத் தட்டினார். "சாயபு, உங்க சரக்கையே பச்சைன்றான்!"

சாயபு சீவலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "இந்தக் குழாயை மண்டிக்கு ஒண்ணு வெச்சா நஷ்டம் கம்மியாவுமா?"

ஆமாம் என்றால் பணம் கைக்கு வந்த மாதிரிதான். என் வீட்டுக்காரர் தலையாட்டச் சொல்லிச் சைகை காட்டினார்.

"தெரியாது சாயபு. ஒரு தோலைப் பூராவும் இப்படிப் பார்க்க அரை நாள் ஆவும். அந்தக் கோடு ஏன் அந்தக் கலர்லே வருதுன்னே எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் ரெண்டு வருஷம் கேக்கறேன்."

சாயபு மெல்லத் தாடியைத் தடவினார்.

"இந்த மண்டிலே தெரியாதுன்னு சொன்ன முதல் ஆளு நீதான். ரெண்டு வருஷம்னு எழுதுங்கப்பா."

"வெட்டின தோலுக்குப் பணம்?" என்றார் வேலாயுதம்.

"பச்சைத் தோலுக்கு எவன்யா பணம் கேப்பான்!" என்றார் சாயபு.

திரைக்குப் பின்னாலிருந்தே நான் சத்தம் போட்டேன்: "தம்பி, காலை வண்டிக்கே கிளம்புடா!"

கிளம்பினான். இரண்டாம் வருஷ முடிவில் அந்தக் கோட்டின் கலருக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தான். இங்கிலாந்து விஞ்ஞானப் பத்திரிகையில் அது அவன் பேரோடு வந்தது. சங்கத்தில் படித்துக் காட்டினார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். பௌதிகத்துக்கென்றே தனியாக ஓர் உதவித்தொகையும் ஏற்பட்டது. அதைக் கேட்டு வருகிறவர்களிடம் சாயபு முதலில் கேட்பது ஒன்றுதான்:

"உனக்கு இன்னா தெரியாது, அதைச் சொல்லு."