ஐந்தாவது வண்டியின் நெற்றிப் பொட்டு

அன்று மாட்டுங்கா வீட்டின் காம்பவுண்டில் ஐந்து பேர் இருந்தோம். சார், மாமி, செம்பூரிலிருந்து வந்திருந்த அவர்களுடைய மகள், பூஜை போட வந்த வாத்தியார், டிரைவராகிய நான். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொட்டை அந்த இடத்தில் வைக்கச் சொன்னது யார் என்று பின்னால் பேச்சு வந்தபோது, அங்கே இல்லாதவர்கள் தலையெல்லாம் உருண்டது. இருந்தது நாங்கள் ஐந்து பேர்தான்.

புது வண்டி துடைக்காமலே மின்னிக்கொண்டு நின்றது. நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம். வாத்தியார் கற்பூரம் காட்டிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை மாமியிடம் நீட்டினார்.

“மேலே தள்ளி வை. ஓட்டறவன் கண்ணை மறைக்கப்டாது” என்றார் சார்.

மாமி ஸ்டூலில் ஏறி, முன்கண்ணாடியின் உச்சியில், நட்டநடுவில், மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். இதற்கு முந்தின நான்கு வண்டிகளுக்கும் அதே இடம்தான். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. அதைத் துடைக்கக் கூடாது, மழை வந்து கழுவினால்தான் உண்டு. காலையில் வண்டி துடைக்க வருகிறவர்கூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் துணி போடுவார்.

இந்த வண்டியில் அதே இடத்தில், கண்ணாடியின் உள்பக்கம், கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருந்தது. ஐந்து பேரும் பார்த்தோம். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தாராவியிலிருந்து நடந்தே வந்து, அந்தக் காம்பவுண்டில் வண்டிகளுக்குத் தண்ணீர் அடித்துத் துடைத்து, அப்படியே ஓட்டக் கற்றுக்கொண்டேன். பயம் எனக்குக் கூடவே பிறந்தது. பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் எடுப்பேன். “பிரேக்குல கால வச்சிக்கிட்டே தூங்குத ஆளு நீங்க” என்பாள் என் வீட்டுக்காரி. ராத்திரி என் வலது கால் பாயில் அமுங்குவதை அவள் பார்த்திருக்கிறாள்.

முதல் வண்டி வந்தபோது சாருக்கு ஆபீஸில் பெரிய பதவி கிடைத்திருந்தது. ஐந்து வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனால் இன்றைக்கு இருக்கிற வண்டியை அதற்குத் தம்பி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தாழ்வாக, ஒடுங்கலாக, தரையோடு பதுங்கிய மாதிரி இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் பானெட்டின் நுனி வரை கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது கியரில் மிதித்தால் எஞ்சின் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்கத்தான் சார் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாஷிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவார். பக்கத்தில் நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் வேகம் கூடினாலே கதவெல்லாம் நடுங்கும், ஸ்டீயரிங் உதறும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வண்டியும் என்னோடு சேர்ந்து பயந்தது. அதனால் ஒரு தைரியம்.

இரண்டாவது மாதிரி வந்தபோது அது உயர்ந்துவிட்டது. முட்டை மாதிரி முதுகு, நிறைய இடம், கொஞ்சம் பெட்ரோலில் நிறைய தூரம். வேகம் மட்டும் இல்லை. “இது ஓட்டற வண்டி இல்லேடா, உக்கார்ற வண்டி” என்று சொல்லி சாவியை என்னிடம் போட்டார் சார். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது அப்படித்தான். பாப்பா, அதாவது சாருடைய மகள், அந்த வண்டியின் பின்சீட்டில்தான் ஸ்கூல், காலேஜ் எல்லாம் போய் வந்தது. இன்றைக்குப் பெரிய ஆபீஸில் இருந்தாலும் எனக்கு அது பாப்பாதான். அந்த வருஷங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது மாதிரி மூக்கைக் கூர்மையாக்கிக்கொண்டு வந்தது. பழைய வேகம் திரும்பி வந்திருந்தது, சத்தம் மட்டும் திரும்பவில்லை. முதல் வண்டி எந்த வேகத்தில் நடுங்குமோ அந்த வேகத்தில் இது தூங்கும். பானெட்டின் நுனி கண்ணிலிருந்து மறைந்தது. பின்கண்ணாடி ஒரு கீற்றாகச் சுருங்கியது. நான்காவதில் எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சாவி போய்ப் பொத்தான் வந்தது. ஒவ்வொரு மாதிரியிலும் பயப்படுவதற்கு இருந்த ஏதோ ஒன்றை எடுத்துவிட்டார்கள். எடுத்ததெல்லாம் எங்கே போகும்? எனக்குள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

நான்காவது வண்டி இருந்தபோதுதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த சார், பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு தூணில் உரசினார். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது, இன்னொரு கண்ணுக்கு டாக்டர் நாள் சொல்லியிருந்தார். இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று மாமியும் பாப்பாவும் சத்தியம் வாங்கினார்கள். சார் பின்சீட்டுக்குப் போனார். அங்கிருந்தபடியே வலது காலால் தரையை மிதிப்பார். எனக்கு முதுகில் தெரியும்.

அப்புறம்தான் ஐந்தாவது மாதிரி வந்தது. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் தானே பார்த்துத் தானே பிரேக் போடும் என்றார்கள். ஷோரூம்காரர்கள் சாரை ஒரு வண்டியில் உட்காரவைத்து, முன்னால் ஒரு பொம்மையை நிறுத்திக் காட்டியும் விட்டார்கள். பாப்பா தன் பெயரில் லோன் போட்டது.

“அப்பா இனிமே தாராளமா ஓட்டலாம். கண்ணு வண்டிக்கே இருக்கு” என்றது பாப்பா.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வேலை போய்விடும் என்கிற பயம் மட்டும் அல்ல. அதுவும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக, இந்த மனிதர் மறுபடி ரோட்டுக்கு வரப்போகிறார், யாராவது ஒருவர் அடிபடப் போகிறார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் சொன்னேன்.

“நீங்க ஆகாசம் இடிஞ்சி விழும்னுகூடத்தான் சொல்லுதிய” என்றாள் வீட்டுக்காரி. “அவுஹ வண்டி, அவுஹ ஓட்டுதாஹ. சாப்பிடுங்க.”

பூஜை முடிந்த மறுநாளே டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. வண்டியைக் கிளப்பும்போது இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வரும். நான் எழுத்துக் கூட்டுவதற்குள் மறைந்துவிடும். டயரில் காற்றுக் குறைந்தால் இப்படி எரியும் என்று பெட்ரோல் பங்கில் ஒருவர் சொன்னார். காற்று அடித்தேன். அணையவில்லை. திரும்பப் போய் இன்னும் கொஞ்சம் அடித்தேன். பாப்பாவிடம் போனில் கேட்டேன்.

“புது வண்டின்னா அப்படித்தான், ஏதாவது ஒண்ணு எரிஞ்சுண்டே இருக்கும். ஃப்ரீ சர்வீஸ்லே பாத்துக்கலாம். நீங்க டென்ஷன் ஆகாதீங்கோ.”

சாரிடம் சொன்னேன். “உனக்கு உள்ளே ஒரு விளக்கு முப்பது வருஷமா எரியறது. அதை யார் அணைக்கறது?” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மழைக்காலம் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமைகள் வந்தன. பொட்டு தடித்துக்கொண்டே போனது. நான் ஓட்டும்வரை அந்த வண்டிக்குத் தானாகப் பிரேக் போடுகிற வேலையே வரவில்லை. முன்னால் போகிறவன் யோசிக்கும்போதே நான் போட்டுவிடுவேன். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சார் வெள்ளை வேட்டி கட்டாமல் பேண்ட் போட்டுக்கொண்டு கீழே வந்தார். அப்போதே புரிந்துவிட்டது.

“நகரு” என்றார்.

நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். பின்னால் மாமி, மடியில் சாம்பார்த் தூக்கு.

“மெதுவாப் போங்கோ. ததும்பறது.”

“ஒண்ணும் ததும்பாது. இது அந்தக் காலத்து வண்டி இல்லே.”

சயான் சர்க்கிளைத் தாண்டும்வரை நன்றாகத்தான் ஓட்டினார். ஓட்டத் தெரிந்த கை, அது போகாது. சுனாபட்டிப் பக்கம் வந்ததும் அவருக்குக் குஷி வந்துவிட்டது. பழைய மாதிரி ஒரு மிதி மிதித்தார். சத்தமே இல்லை. வெளியே கடைகள் மட்டும் வேகமாகப் பின்னால் போயின. எனக்கு முதல் வண்டியின் நடுக்கம் வேண்டும்போல் இருந்தது.

செம்பூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. டிராம்பே பக்கம் எண்ணெய் ஏற்றப் போகிற டாங்கர் ஒன்று நின்றது. அதன் பின்னால் சவாரி இல்லாத ஓர் ஆட்டோ.

“இப்போ பாரு” என்றார் சார். “நான் காலைத் தூக்கிக்கறேன். அதுவே நிக்கும்.”

“வேண்டாம் சார். ஆட்டோ நிக்கு சார்.”

“நிக்கட்டும். அதுக்குத்தானே காட்டறேன். ஒரு தடவை பாத்தாத்தான் உன் பயம் தெளியும்.”

“சார், பிரேக்க அமுக்குங்க சார்!”

“பயந்தாங்கொள்ளி. இதோ பார், இதோ...”

“ஏன்னா!” என்று மாமி கத்தினார்.

என் வலது கை தானாகக் கீழே போனது. முந்தின நான்கு வண்டிகளிலும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஹேண்ட்பிரேக் கம்பி நிமிர்ந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டே இழுப்பேன். இதில் கம்பி இல்லை. நகத்தளவு ஒரு சுவிட்ச்தான், அதுவும் எங்கோ இருந்தது. என் கையில் சிக்கியது மாமியின் காபி ஃப்ளாஸ்க். அதை இறுக்கிப் பிடித்து மேலே இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது.

கடைசியில் சார்தான் பிரேக்கை மிதித்தார். பாதி வேகம் குறைந்திருக்கும். மீதி ஆட்டோவின் முதுகில் இறங்கியது. ஆட்டோ போய் டாங்கரில் முட்டியது. ஒரு நொடி நான் அந்த டாங்கரை மட்டும்தான் பார்த்தேன். அதன் வயிற்றில் சிவப்பு எழுத்தில் நெருப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கும் என்று எனக்குப் படிக்காமலே தெரியும். ஒன்றும் ஆகவில்லை. டாங்கர் அசையக்கூட இல்லை.

ஆட்டோக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே சரிந்தார். “க்யா சாச்சா, திக்தா நஹி க்யா?” என்று கேட்டார். பெரியவரே, கண் தெரியவில்லையா என்று. திட்டுவதற்குக்கூட அவருக்கு மூச்சு இல்லை. தோள்பட்டை எலும்பில் விரிசல் என்று பிறகு தெரிந்தது. நான் அவரைத் தாங்கி உட்காரவைத்தேன். காருக்குள் எங்கும் சாம்பார். மாமியின் புடவை, சீட், மேல்கூரை. ரத்தமோ என்று பதறி வந்த கூட்டம் வாசனை பிடித்து நின்றது. ஒருவன் சிரிக்கவும் செய்தான்.

சார் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் நிக்கல்லே?” என்றார். என்னிடம் இல்லை. “ஏன் நிக்கல்லே நீ?”

ஆட்டோக்காரர் பிழைத்தார். தோளில் கட்டுப்போட்டு வீட்டில் கிடந்து, பிறகு வேறு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறார். ஆஸ்பத்திரிச் செலவைப் பாப்பா பார்த்துக்கொண்டது.

வண்டியைச் சர்வீஸுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் முன்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். ஈரத்துணியை எடுத்து, நான் தடுப்பதற்குள், பொட்டை ஒரே இழுப்பில் துடைத்தாள். வண்டியைக் கிளப்பினாள். விளக்கு அணைந்தது. கேமராவின் கண்ணுக்கு மேலேயே திலகம் வைத்திருக்கிறீர்களே, அது எப்படிப் பார்க்கும் என்று இந்தியில் கேட்டாள். அந்தக் கறுப்புப் பெட்டிதான் கண்ணாம். நான் துணியில் ஒட்டியிருந்த சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய பேச்சு.

“கேமரா பம்பர்லே இருக்குன்னு நெனச்சேம்மா. கண்ணாடிலே இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்றது பாப்பா.

“மேலே வைன்னு சொன்னது உங்கப்பா” என்றார் மாமி.

“கிண்ணத்தை நீட்டினது வாத்தியார்” என்றார் சார்.

யாரோ ஷோரூம்காரனைச் சொன்னார்கள். யாரோ வாட்ச்மேனைக்கூடச் சொன்னார்கள். விளக்கு எரிந்தது என்று சொன்னவன் நான்தான், ஆனால் டயருக்குக் காற்று அடித்தவனும் நான்தானே.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி கிண்ணத்தோடு கீழே வந்தார். வண்டி இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே போனார். வண்டி சரியாகித் திரும்பி வந்த பிறகும் அதற்குப் பொட்டு வைக்கவில்லை. பொத்தான் வண்டிக்கென்று கொடுத்திருந்த சின்ன ரிமோட் சாவியை எடுத்து சுவாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் வைத்துவிட்டார். கேட்டால் எனக்கு மட்டும் தருவார். வண்டி உறை போட்டு நிற்கிறது. பேட்டரி இறங்காமல் இருக்க நான் அவ்வப்போது உறையை விலக்கிக் கிளப்பி வைக்கிறேன். விளக்கு எரியவில்லை. எரியாததும் எனக்குப் பயமாக இருக்கிறது.

சார் இப்போது அதிகம் பேசுவதில்லை. போன வாரம் பாப்பா வந்திருந்தது. போனைப் பார்த்துக்கொண்டே, அடுத்த மாதிரி வரப்போகிறதாம், அது ரோட்டுக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் தானே திருப்பிக்கொள்ளுமாம் என்று வாசித்தது. சும்மா பேச்சுக்குத்தான் சொன்னது. நாற்காலியில் கண் மூடியிருந்த சார் தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை நான் முதல் வண்டியில் பார்த்திருக்கிறேன்.

“அப்போ அதுலே கையையும் எடுத்துடலாமா?” என்று கேட்டார்.

“பேசாம இருங்கோ” என்றார் மாமி. பார்வை சுவாமி அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

“முதல்லே இதோட லோன் முடியட்டும்பா” என்றது பாப்பா.

“எவ்வளவு பாக்கி?”

பாப்பா போனில் தேடிப் பார்த்துச் சொன்னது. பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.