ஒருத்திக்காக ஒரு கதவு

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள் அவள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் முடக்கிப்போட்டது. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். கரண்ட் போன கோபத்தில் வாய்க்கு வந்தபடி ஏசுகிறவர்கள்கூட அவளுடைய மெத்தென்ற குரலைக் கேட்டதும் தணிந்துவிடுவார்கள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் ‘பஞ்சு’ என்று பெயர்.

அங்கே பெண்கள் கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையாது. நாற்காலிக்கென்று அகலமாகக் கட்டியது ஆண்கள் பக்கத்தில் இருந்தது. நாற்காலியில் ஒரு பெண்ணும் வேலைக்கு வருவாள் என்று கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை. காலையிலிருந்து மாலைவரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் பதினோரு வருஷம் ஓட்டினாள் பஞ்சு. கடைசியில் சிறுநீரகத்தில் கிருமி தொற்றி, நடுங்கும் காய்ச்சலில் படுத்தாள்.

டாக்டர் அவளை விட்டுவிட்டு, கூட வந்த அண்ணியிடம் கேட்டார்: “இவங்களுக்கு மாதவிலக்கெல்லாம் ஒழுங்கா வருதா?”

“என்னையே கேளுங்க டாக்டர். கால்தான் வராது, பேச்சு நல்லா வரும்,” என்றாள் பஞ்சு.

“ஏன் இப்படி மானத்தை வாங்குற?” என்று வெளியே வந்ததும் அண்ணி முணுமுணுத்தாள்.

உடம்பு தேறியதும், பெண்கள் பக்கத்துக் கதவை அகலமாக்கச் சொல்லி மனு எழுதினாள். ஆதரவு கேட்டு முதலில் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்குப் போனாள். அறை நிறைய ஆண்கள். தலைவர் ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: “முதல்ல வேலை ஒதுக்கீடு கிடைக்கட்டும்மா. பொம்பளைங்க விஷயத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

அடுத்து, பெண் ஊழியர்கள் சங்கம். கூட்டம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அதன் செயலாளர் இறங்கி வந்து மனுவை வாங்கிக்கொண்டாள். “நீங்க எதுக்குச் சிரமப்படணும்? உங்களுக்காக நாங்களே பேசிடறோம்.”

படிக்கட்டின் அடியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தாள் பஞ்சு. மேலே கைதட்டல் கேட்டது, எதற்கென்று தெரியவில்லை. இறங்கியவர்கள் அவளுடைய நாற்காலியைச் சுற்றி விலகிப் போனார்கள்.

“அடடா, உங்க விஷயத்துக்கு நேரமே இல்லாமப் போச்சு,” என்று மனுவைத் திருப்பித் தந்தாள் செயலாளர்.

வழியில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. இரண்டும் சக்கரத்தில் இருந்தன.

ஒற்றைக் கையெழுத்தோடு மனுவை மேலாளரிடம் கொடுத்தாள். பிறகு மாதம் தவறாமல் அவர் அறை வாசலில் போய் நாற்காலியை நிறுத்தினாள். பதினான்காவது மாதம் அவர் வெடித்தார்: “ஒருத்திக்காகச் சுவரை இடிக்கச் சொல்றீங்களா?”

“இத்தனை வருஷமா ஒருத்திதானே சார் அடக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

அடுத்த வாரம் கொத்தனார் வந்து அவளுடைய நாற்காலியை அளந்தார்.

புதுக் கதவு திறந்த அன்று எடுத்த படத்தில் செயலாளரும் தலைவரும் முன்னால் நின்றார்கள். படம் எடுத்து முடிந்ததும் தலைவர் அவளிடம் வந்தார். “எங்க சங்கத்து மகளிர் அணிக்கு நீங்களே தலைவியா இருங்கம்மா.”

“அணியில வேற யார் யாரு இருக்காங்க?”

“இப்போதைக்கு நீங்க மட்டும்தான்.”

சிரிப்பு வந்தது, ஒப்புக்கொண்டாள். சங்கத்தின் பழைய பதிவேட்டில் பெண்களின் முகவரிகளைப் பொறுக்கி, ஞாயிறுதோறும் தன் அறையில் கடிதம் எழுதுகிறாள். முப்பத்தேழு போயிருக்கின்றன, இரண்டுக்குத்தான் பதில். ஒன்றை எழுதியது ஒரு தம்பி: அக்கா இறந்து ஒரு வருஷமாகிறதாம். அவனுக்கு ஆறுதலாக நாலு வரி எழுதினாள். இன்னொருத்தி, வீட்டில் வெளியே விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். “அப்படின்னா நானே வரேன். வாசல்ல எத்தனை படின்னு மட்டும் எழுதுங்க,” என்று கேட்டிருக்கிறாள் பஞ்சு. இன்னும் பதில் வரவில்லை.